ஆறு மணி மைனாக்கள்

அந்தக் காலத்தில், வீட்டுக்கு வீடு கேபிள் ஒயர் தாவத் தொடங்கியிருந்த புதிதில், மைனாக்கள் மனிதரைப் போலவே பேசின. மலையடிவாரத்து ஊர் ஒன்றில், பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு வர்ணனை சொன்னதே ஒரு மைனாதான். மைதானத்து ஓரத் தூங்குமூஞ்சி மரத்துப் பொந்தில் அது குடியிருந்தது. கிளையில் உட்கார்ந்து, யார் தள்ளினாள், யார் விழுந்தாள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும். ஆட்டக்காரிகள் அதை மைனாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் ஊரே மைதானத்தைச் சுற்றி நின்று ஆட்டம் பார்க்கும். பிறகு ஊருக்குக் கேபிள் கொடுத்த தங்கமாயன் ஒரு கேமராவையும் மைக்கையும் கொண்டுவந்து வைத்து, இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார். முதல் வருஷம் ஆட்டம் முழுசாக வந்தது. இரண்டாம் வருஷம், பந்து கூடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து ஜவுளிக்கடை விளம்பரம் பாதித் திரையை மறைத்தது. மூன்றாம் வருஷம் பிறந்தநாள் வாழ்த்துகள் ஆட்டக்காரிகளின் முகத்தின் மேலேயே ஓடின. மைனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பல் இருந்திருந்தால் கடித்திருக்கும். ஆனால் மைதானத்துக்கு வர ஆளில்லாத நிலையில், அந்த மைக்கை விட்டால் வேறு கதி இல்லை.

அந்த வருஷ இறுதி ஆட்டம் சாதாரண ஆட்டமில்லை. ஜெயித்தால் மண் தரைக்குச் சிமெண்டு போடுவதாகவும், தோற்றால் அந்த இடத்தில் கல்லூரிப் பஸ்களுக்குக் கொட்டகை எழுப்புவதாகவும் தாளாளர் அறிவித்திருந்தார். கேப்டன் அங்கயற்கண்ணி முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாள். பன்னிரண்டு விநாடி மிச்சம் இருந்தபோது எதிரணி ஐம்பது, நம் பெண்கள் நாற்பத்தெட்டு. மணி சரியாக ஆறு.

தங்கமாயன் படத்தை வெட்டினார். எதற்காக? மச்சினன் பிள்ளையின் காதுகுத்து வீடியோவை ஆறு மணிக்குப் போடுவதாகச் சொந்தபந்தத்துக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தாராம். கேமராவையும் அணைக்கச் சொல்லிவிட்டார். மொட்டையடித்த குழந்தை வீறிட்டு அழுவதை ஊர் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அங்கயற்கண்ணி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. ஐம்பத்தொன்று, ஐம்பது. அதை மைனா தொண்டை கிழியச் சொன்னது, செத்துப்போன மைக்கில்.

மறுநாள் தாளாளர் நடுவர் எழுதிய தாளைப் பார்த்தார். ஜெயித்தது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் நம் பெண்கள் தோற்றதாகத்தானே ஊரே டி.வி.யைப் பார்த்து நம்பியிருக்கிறது, இப்போது சிமெண்டு போட்டால் என்னைக் கேலி பேச மாட்டார்களா என்றார். இப்படியும் ஓர் அநியாயம் உண்டா? மைனா நேராகக் கேபிள் அறைக்குப் பறந்தது.

"அண்ணே, நீங்க வெட்டுன பன்னெண்டு செகண்டுல இந்தப் புள்ளைக ஜெயிச்சிருச்சுக. ஒரே ஒரு தடவ டி.வி.யில அதச் சொல்லிருங்க."

"படம் இல்லாம வெறும் பேச்ச யாரு நம்புவா? விடு மைனா, அடுத்த வருசம் ஜமாய்ச்சுருவோம்."

"அடுத்த வருசம் தரையே இருக்காதுண்ணே."

தங்கமாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் எதிரே காதுகுத்து வீடியோ மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது.

மைதானத்திலிருந்து எடுத்துவந்து மேசைமேல் வைத்திருந்த மைக்கை மைனா கொத்திக் கீழே தள்ளியது. நடந்ததைச் சொன்னால் காதில் வாங்காதவர்களின் பேச்சு இனி எனக்கு வேண்டாம் என்றது. மனிதர் பேச்சில் அது சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அன்று மாலை ஆறு மணிக்கு, ஆட்டத்தை நேரில் பார்த்த மைனாக்களையெல்லாம் அது தூங்குமூஞ்சி மரத்துக்குக் கூட்டிவந்தது. ஒன்று பந்து சுழன்றதைச் சொன்னது, ஒன்று முட்டிக் கட்டு அவிழ்ந்ததைச் சொன்னது, ஒன்று நடுவரின் விசிலைச் சொன்னது. யாருக்கும் பொறுமை இல்லை, மனிதர் பேச்சை விட்டுவிட்டு எல்லாம் சேர்ந்தே மைனாப் பேச்சில் சொல்லின. தெருவில் எந்த வீட்டிலும் டி.வி. காதில் விழவில்லை. மரத்தடியில் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற அங்கயற்கண்ணிக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க மைனாக்கா," என்றாள்.

பஸ் கொட்டகை வந்தே விட்டது. வெட்கமே இல்லாமல் அதற்குத் திறப்பு விழா வேறு எடுத்தார்கள். தங்கமாயன் அந்த விழாவை ஒரு விநாடி வெட்டாமல் ஒளிபரப்பினார்.

அன்று முதல்தான், பொழுது சாய்ந்தால் மைனாக்கள் மரத்தில் கூடி ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்துகின்றன. ஒரு பெண் ஜெயித்த பன்னிரண்டு விநாடியை அவை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாம்தான் இரைச்சல் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.