நரி நடந்ததே எல்லை

மழை தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும் ஒரு காட்டில், கோடையிலும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் குளத்தில் யார் எப்போது தண்ணீர் குடிப்பது என்பதை ஐவர் சபை ஒன்று முடிவு செய்தது. காடு ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதியின் விலங்குகளும் கூடி ஒருவரைச் சபைக்கு அனுப்பும்.

காட்டில் மான்கள் அதிகம். காட்டுப்பன்றிகள் குறைவு. ஆனாலும் சபையில் எப்போதும் நான்கு பன்றிகளும் ஒரே ஒரு மானும்தான் இருந்தன.

அதனால் குளிர்ந்த காலையும் மாலையும் பன்றிகளுக்கு, உச்சிவெயில் மான்களுக்கு. பன்றிகள் புரண்டு எழுந்த சேற்றுத் தண்ணீரைக் குடிப்பதற்காக, நிழலே இல்லாத பொட்டல் வழியாக மான்கள் நடந்து வர வேண்டும். பெரிய மான்கள் வந்துவிடும். குட்டிகள் சில வழியிலேயே படுத்துவிடும். படுத்தவை எழுந்திருப்பதில்லை.

குறைவான பன்றிகளுக்குச் சபையில் நான்கு இடம் எப்படி என்று கேட்பீர்கள், குழந்தைகளே. எல்லை போடும் வேலை நரியிடம் இருந்தது. நரி எங்கே நடந்தாலும் மரத்துக்கு மரம் காலைத் தூக்கி வாடை வைத்துக்கொண்டே போகும். எப்படியும் செய்கிற வேலைதானே, எல்லையையும் அதுவே போடட்டும் என்று சபை என்றைக்கோ விட்டுவிட்டது. மழைக்காலத்தில் வாடை கரைந்துவிடும். மழை விட்டதும் நரி புதிதாக ஒரு சுற்று நடக்கும்.

நரி நேராக நடக்காது. மான்கள் மேயும் புல்வெளி, படுக்கும் மூங்கில் காடு, கொம்பு உரசும் மேடு எல்லாவற்றையும் வளைத்து வளைத்து ஒரே பகுதிக்குள் அடைத்துவிடும். மற்ற நான்கு பகுதிகளிலும் மான்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும்; அங்கெல்லாம் பன்றிகளே அதிகமாகி, பகுதிக்கு ஒரு பன்றியை அனுப்பும். பன்றிகள் கிளறிப் போட்ட மண்ணில் நரிக்கு நண்டும் எலியும் தாராளமாகக் கிடைத்தன.

"இந்தக் கோட்டில் போனால் பாம்புக்கே இடுப்புப் பிடித்துக்கொள்ளும்," என்றது ஒரு முயல்.

"உனக்கென்ன தெரியும், முயல் தம்பி? இதற்கெல்லாம் அனுபவம் வேண்டும்," என்றது நரி.

அந்தக் காட்டில் ஒரு பிணைமான் இருந்தது. ஒரு கோடையில் அதன் குட்டி பொட்டலில் விழுந்து இறந்தது. தாய் அழுது முடித்துவிட்டு நீதிபதியிடம் போனது.

நீதிபதி ஓர் ஆமை. குளக்கரையில் நாவல் மரத்தடிப் பாறையில் அது உட்கார்ந்திருக்கும். ஆமை நெடுநாள் வாழும், அடிக்கடி வேறு நீதிபதியைத் தேடும் தொல்லை இருக்காது என்று அதை உட்கார்த்தி வைத்தார்கள். உட்கார்த்தி வைத்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பன்றிகள் மரத்தில் முதுகு உரசும்போது ஆமைக்கு முன்னால் நாவல் பழம் உதிரும்.

"ஐயா, எல்லைக் கோடு கோணலாக இருக்கிறது. அதனால் என் குட்டி போய்விட்டது. விசாரியுங்கள்," என்றது பிணைமான்.

ஆமை தலையை மெல்ல நீட்டியது. "பெரிய வழக்கு, அம்மா. அவசரப்படக் கூடாது. மழைக்குப் பிறகு வா."

மழைக்குப் பிறகு பிணைமான் போனது.

"எந்தக் கோட்டைச் சொல்கிறாய்?" என்று கேட்டது ஆமை.

"போன கோடையில் இருந்த கோடு, ஐயா."

"அதைத்தான் மழை அழித்துவிட்டதே. இல்லாத கோட்டுக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது? உன் வழக்கு முடிந்தது."

"புதுக் கோடும் இப்படித்தானே வரும்?"

"வரட்டும். வந்த பிறகு வா." தலை ஓட்டுக்குள் போய்விட்டது.

அடுத்த ஆண்டும் அதே பாறை, அதே பேச்சு. அதற்குள் இரண்டாவது குட்டியும் பொட்டலில் விழுந்திருந்தது.

"அக்கா, ஆமை செத்தால்தான் நமக்கு விடிவு," என்றது ஓர் இளம் கலைமான்.

"அது சாவதற்குள் நம் பேரன் பேத்திகளே செத்துப்போகும், தம்பி," என்றது பிணைமான்.

அதற்கு மறு ஆண்டு பிணைமானுக்கு மூன்றாவது குட்டி பிறந்தது. மழை விட்ட காலையில், நரி ஈர வாலை உதறிக்கொண்டு கிளம்பும் முன், பிணைமான் காடு முழுவதையும் பாறைக்கு அழைத்தது. பன்றிகள் வேடிக்கை பார்க்க வந்தன.

"ஐயா, இப்போது கோடு இருக்கிறதா?" என்று கேட்டது பிணைமான்.

"இல்லை. மழை அழித்துவிட்டது," என்றது ஆமை, வழக்கம்போல.

"அப்படியானால் நான் எந்தப் பகுதி?"

"கோடு இல்லாதபோது பகுதி ஏது?"

"பகுதி இல்லை என்றால், பகுதிகள் அனுப்பிய சபை?"

ஆமை தலையை உள்ளே இழுக்கப் பார்த்தது. அத்தனை கண்களுக்கு முன்னால் அது முடியவில்லை. "சபையும் இல்லை," என்றது.

"சபை இல்லை என்றால், நரியாரை எல்லை போடச் சொன்னது யார்?"

"இன்றைக்கு யாரும் சொல்லவில்லை."

"இது வெறும் வாய்ச்சாலம்," என்றது நரி.

"என் வாய் இல்லை, நரியாரே. இரண்டு ஆண்டுகளாக ஐயா எனக்குச் சொன்ன தீர்ப்புதான்," என்றது பிணைமான். "இன்று இது ஒரே காடு. எல்லை போடுவது யார் என்று எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும்."

இளம் கலைமான் முன்னால் பாய்ந்தது. "நாமே போடுவோம். பன்றிகளை ஒரு மூலையில் அடைப்போம். உச்சிவெயில் எப்படி இருக்கும் என்று அவர்களும் பார்க்கட்டும்."

மான்கள் எல்லாம் ஆமாம் என்றன. ஒரு தாய்ப்பன்றி நகர்ந்து நின்று தன் குட்டிகளை வயிற்றின் கீழ் மறைத்துக்கொண்டது. பிணைமான் அதைப் பார்த்தது.

"வேண்டாம், தம்பி," என்றது.

"இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்த நீயா சொல்கிறாய், அக்கா?"

"நான்தான் சொல்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. நாம் கோணலாகப் போட்டால் இன்னொரு தாய் இதே பாறைக்கு வந்து நிற்பாள். அவளையும் யாராவது மழைக்குப் பிறகு வரச் சொல்வார்கள்."

"பின்னே யார்தான் போடுவது?" என்று உறுமியது ஒரு கிழப்பன்றி.

மழையோடு வந்து குளத்தில் இறங்கியிருந்த நாரைகளைப் பிணைமான் காட்டியது.

"எங்களை ஏன் வம்பில் இழுக்கிறாய்?" என்றது நாரை. "கோடைக்கு முன்னே நாங்கள் போய்விடுவோம்."

"அதனால்தான் கேட்கிறேன். இந்தக் குளத்தில் உங்களுக்குக் கோடை இல்லை."

மான்கள் முணுமுணுத்தன, பன்றிகளும் முணுமுணுத்தன. கடைசியில் இரு பக்கமும் தலையாட்டின. நாரைகள் மேலே பறந்து பார்த்தன. ஓடையையும் பாறைத்தொடரையும் எல்லையாக வைத்து, தலைக்கணக்குச் சமமாக வரும்படி காட்டைப் பிரித்தன. அங்கே யார் மேய்கிறார்கள் என்று அவை கேட்கவில்லை.

பிணைமான் பாறைப் பக்கம் திரும்பியது. "ஐயா, நீங்களும் எழுந்திருக்க வேண்டும்."

"உட்காரச் சொன்னவர்கள் எப்போது எழ வேண்டும் என்று சொல்லவே இல்லையே, அம்மா. உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்று நினைத்துவிட்டேன்," என்றது ஆமை. இறங்க அதற்கு நெடுநேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

"இனிமேல் நீயே உட்கார், அக்கா. கடைசிவரை இரு," என்றது கலைமான்.

"வழக்குப் போட்டவள் அங்கே உட்காரக் கூடாது. யார் உட்கார்ந்தாலும் மூன்று மழைக்காலம் போதும்."

எல்லாரும் சேர்ந்து ஓர் உடும்பை உட்கார்த்தினார்கள், மூன்று மழைக்கு.

புதிய சபைக்கு மூன்று மான்களும் ஒரு பன்றியும் ஒரு முயலும் வந்தன. நாமே கோடு போட்டிருந்தால் நான்கு மான்கள் வந்திருக்கும் என்று கலைமான் கோடை முழுவதும் புலம்பியது. சபை மாலை நேரத்தை ஒரு நாள் மான்களுக்கும் மறுநாள் பன்றிகளுக்கும் கொடுத்தது. காலை நேரத்தையும் அப்படியே மாற்றி மாற்றிக் கொடுத்தது. உச்சிவெயிலை யாருக்கும் கொடுக்கவில்லை.

மான்களின் முதல் மாலை வந்தது. பிணைமானின் குட்டி முன்கால்களைத் தண்ணீரில் வைத்து, வயிறு முட்டக் குடித்தது. தாய் பக்கத்தில் நின்றது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே, இன்னும் இரண்டு குட்டிகள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

நீதி: ஆதாயம் இல்லாதவர் எல்லையை வகுக்க வேண்டும், நீதி சொல்ல ஒருவரை உட்கார்த்தும் அன்றே அவர் எழும் நாளையும் சொல்லிவிட வேண்டும்.