நைஸ் என்று சொன்ன நர்ஸ்

சிஷ்யர் ஏகம்பத் தம்பிரான் அன்று கோபத்தில் நடந்த நடையில், மடத்துக் கிணற்றுத் தண்ணீர் மேல்படிவரை தளும்பிற்று. பொய்யென்றால் கிணற்றைக் கேளுங்கள்.

"சாமி, இனி இந்த மடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன்!"

குரு கொடுமுடிச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னப்பா ஆச்சு?"

"காலையிலிருந்து தொண்டை கிழியப் பேசினேன். ஒரே ஒரு பாட்டுக்கு உரை. தூணில் இருக்கிற யாளிகூடக் கண் கலங்கியது. கடைசியில் அந்த நர்ஸ் தங்கபுஷ்பம் எழுந்து, 'நைஸா இருந்துச்சு சாமி' என்கிறாள்!"

"பாராட்டித்தானே இருக்கிறாள்?"

"பாராட்டா! அந்த வார்த்தையின் குலம் கோத்திரம் தெரியுமா உங்களுக்கு? லத்தீனில் 'ஒன்றும் அறியாதவன்' என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய் மடையன் ஆயிற்று. இங்கிலீஷுக்குள் நுழைந்தபோதும் மடையன்தான். அப்புறம் ஒழுக்கம் கெட்டவன், சோம்பேறி, கூச்சக்காரன், எதிலும் நொட்டை சொல்கிறவன், நுணுக்கமானவன் என்று வேஷம் வேஷமாகப் போட்டு..."

"இப்போது?"

"இப்போது இனிமையாம்! எவன் ஒப்புக்கொள்வான்? சபை நடுவில் என்னை மடையன் என்றிருக்கிறாள்!"

"அவள் எங்கே?"

"வாசலில் நிற்கிறாள். என் கையால் திருநீறு வேண்டுமாம். ராத்திரி டூட்டி முடித்துத் தூங்காமல் வந்தாளாம். வந்தால்? மன்னிப்புக் கேட்கட்டும். இல்லையா, வெறும் நெற்றியோடு பஸ் ஏறட்டும்!"

"நியாயம். பழசை நாலு பேர் அறியச் சொல்லத்தான் வேண்டும். மணியை அடி, கூட்டம் கூடட்டும்."

தம்பிரானுக்கு முகம் மலர்ந்தது. ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்தார்.

"முதலில் நீ அந்த வார்த்தையின் பழைய கதையைச் சொல்லு. அடுத்து நான் உன் பழைய கதையைச் சொல்கிறேன்."

கயிறு கையிலேயே நின்றது.

"சாமி... இங்கே யாருடைய பூர்வாசிரமத்தையும் பேசுவதில்லையே! துறவிக்கு முன்வாழ்க்கை கிடையாது என்பதுதானே மடத்து வழக்கம்?"

"வழக்கம்தான். அன்று நீ மடத்து மதில் ஏறி உள்ளே குதித்தாய். பின்னாலேயே நாலு பேர் அரிவாளோடு தேடி வந்தார்கள். அப்போதும் நான் கேட்டேனா?"

தம்பிரான் கயிற்றை விட்டார்.

சாமி கீரைத் தண்டை முறித்துப் போட்டார்.

"அந்த வார்த்தை இனிமையாகி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ காவி கட்டி எத்தனை வருஷமப்பா?"

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. தம்பிரான் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.