ஞானப்பூ வீட்டுக்குப் பவனி வந்த கதை

விவேகபுரம் என்று பெயர் வைத்த பாதிரியார், ஊர்க்காரர்களைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துவிட்டார் என்று சொல்வார்கள். பார்த்த பிறகு மாற்ற நினைத்திருப்பார். அதற்குள் பலகையில் எழுதியாகிவிட்டது.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரே ஒரு தெரு. தலைமாட்டில் கோயில், கால்மாட்டில் ஞானப்பூ வீடு. அந்த வீடு கடைசியில் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாட்டுப் பவனி வீடு வீடாகப் போகும். பெட்ரோமாக்ஸ் விளக்கு, மேளம், தாத்தா முகமூடி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வருஷமாவது ஞானப்பூ வீடுவரை வந்ததில்லை. ஒரு வருஷம் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனது. ஒரு வருஷம் வீட்டுக்கு வீடு குடித்த காப்பியில் வயிறு ஊதிப் பாடகர்கள் வழியிலேயே படுத்துவிட்டார்கள். இன்னொரு வருஷம் தெரு முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள்.

ஞானப்பூ தனி ஆள். வருஷா வருஷம் முந்திரிக்கொத்து சுட்டு வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். பிறகு தானும் நாயுமாகப் பொங்கல்வரை அதைத் தின்று தீர்ப்பாள். "நான் செத்தா எல்லாரும் வருவாவ, பாடவும் செய்வாவ. ஆனா அன்னைக்கு யாரு காப்பி போடுறது?" என்று சொல்லி அழுவாள். பாவம், அது அவளுக்கு உண்மையான துக்கம்.

அந்த வருஷம் புதுப் போதகர் வந்தார். "கோயிலைத் தூசி தும்பு இல்லாமல் வைத்திருங்கள்" என்றார். சபையார் கழுவித் துடைத்து, யாரும் கால் வைத்துவிடக் கூடாதென்று பூட்டி, ஆராதனையை வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள். "பக்கத்து ஊர்க்காரர்களும் பண்டிகைக்கு வர வேண்டும், ஒரு கதவு விடாமல் தட்டுங்கள்" என்றார். ஒரு கதவு விடாமல் தட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கம்போடு வந்து சேர்ந்தார்கள்.

"சொன்னபடியே வந்துட்டாவல்லா, ஐயா?" என்று சபைப் பெரியவர் தவசிமுத்து பெருமையோடு கேட்டார்.

போதகர் உஷாரானார். பவனிக்கு மட்டும் சந்து பொந்து இல்லாமல் உத்தரவு போட்டார். "சபையார் எல்லாரும் பவனியில் வர வேண்டும். ஒரு வீடு விடக் கூடாது. வீட்டுக்காரர் உள்ளே இருந்து கதவைத் திறந்து வரவேற்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் பாடக் கூடாது." சொல்லிவிட்டு அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டார்.

ஒரு வீடு விடக் கூடாது என்றதைக் கேட்டதும் ஞானப்பூவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்க அப்போதே வீட்டுக்கு ஓடப் பார்த்தாள். அதற்குள் வேப்பமரத்தடியில் விவாதம் கிளம்பிவிட்டது.

"எல்லாரும் பவனியில போனா, வீட்டுல யாருவே கதவத் தொறக்குறது?" என்றார் மேளம் அடிக்கும் ஏசுவடியான்.

"எல்லாரும் வீட்டுல இருந்தா, பவனியில யாருவே போறது?" என்றார் தவசிமுத்து.

இரண்டும் நியாயமாகவே இருந்ததால் சபை கண்ணை மூடி ஜெபித்தது.

ஞானப்பூ எழுந்து முன்னால் வந்தாள். இந்தக் குழப்பத்தில் பவனியே நின்றுபோனால்? "அண்ணாச்சி, எல்லாரும் ஒண்ணாக் கெளம்புவோம். யாரு வீடு வருதோ அவிய உள்ள போயி கதவத் தொறக்கட்டும்."

"தொறந்து வரவேத்த பொறவு?" என்றார் தவசிமுத்து.

"வீட்டுலயே இருக்க வேண்டியதுதான். வந்தவிய பின்னாலயே நாமளும் கெளம்பிப் போனா, அது மரியாதையா?"

ஞானப்பூவின் புத்தியைச் சபை முழுவதும் மெச்சியது.

பவனி நாளன்று பொழுது சாயும் நேரம் எல்லாரும் புறப்பட்டார்கள். என்ன கூட்டம்! தெரு கொள்ளவில்லை. முதல் வீடு தவசிமுத்துவுடையது. அவர் குடும்பத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார், தட்டியதும் திறந்தார், பாட்டைக் கேட்டார், காப்பி கொடுத்தார், அங்கேயே நின்றுகொண்டார். அடுத்த வீட்டிலும் அப்படியே. முகமூடி போட்டவர் தன் வீடு வந்ததும் அதைக் கழற்றி ஞானப்பூவிடம் கொடுத்தார். விளக்குத் தூக்கியவரும் அப்படியே செய்தார். கடைசிவரைக்கும் போகிறவள் அவள்தானே.

ஏசுவடியான் வீட்டுக்கு முன்னால் ஞானப்பூ ஒருத்தியே நின்று பாடினாள். அவர் கதவைத் திறந்து கேட்டுக் கண் கலங்கினார். "கூட்டம் ரொம்பக் கம்மியாப் போச்சே, அக்கா. சனங்களுக்குப் பக்தியே இல்ல" என்று மேளத்தை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

ஒரு கையில் விளக்கு, கழுத்தில் மேளம், முகத்தில் முகமூடி. ஞானப்பூ நடையை எட்டிப் போட்டாள். ஆண்டவரே, பவனி என் வீட்டுக்கு வருகிறதே!

வாசலில் நாய் அவளைப் பார்த்துக் குரைத்துத் தள்ளியது. அதை விலக்கிக் கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். அப்புறம்தான் பூட்டைப் பார்த்தாள்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை தூரம் மேளத்தைச் சுமந்து வந்தால், வீட்டைப் பூட்டிக்கொண்டா போவாள் ஒருத்தி? சாவி இடுப்பில் குத்தியது. இருந்தாலும் பவனியில் வந்த இடத்தில் தானாகக் கதவைத் திறப்பது முறையில்லையே. ஆள் இல்லாத வீட்டில் பாடவும் கூடாது. வாயை மூடிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினாள். கோயில் பூட்டியிருந்ததால் விளக்கையும் மேளத்தையும் சுமந்துகொண்டு, முகமூடியைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது நாய் வாலை ஆட்டியது. கதவைத் திறந்து, முந்திரிக்கொத்தை எடுத்து வைத்துக்கொண்டு பவனிக்காகக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர், "எல்லா வீட்டுக்கும் போனீர்களா?" என்று கேட்டார்.

"போனோம், ஐயா. ஞானப்பூ வீட்டுல மட்டும் ஆளு இல்ல" என்றாள் ஞானப்பூ.

"நீ எங்கேம்மா போனாய்?"

"பவனியில, ஐயா."

போதகர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். தவசிமுத்துதான் பொரிந்து தள்ளினார். "வரல வரலன்னு வருஷமெல்லாம் அழுத. வந்த அன்னைக்கு வீட்டப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிட்டியே, தாயி!"

"தப்புதான், அண்ணாச்சி. அடுத்த வருஷம் வாசநடை தாண்ட மாட்டேன்."

அவள் பட்டது எல்லாருக்கும் பாடமாயிற்று. அடுத்த வருஷம் பவனி நாளன்று ஒருவர்கூட வீட்டை விட்டு நகரவில்லை. வாசலுக்கு வாசல் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பவனிக்கு வழி தெரியட்டும் என்று ஞானப்பூ பெட்ரோமாக்ஸை ஏற்றித் தன் வாசலில் வைத்தாள்.

"தம்பி, ஒங்க வீட்டுக்கு வந்துச்சா?" என்று ஏசுவடியானிடம் குரல் கொடுத்தாள்.

"இல்லக்கா!" அவர் அடுத்த வீட்டைக் கேட்டார். கேள்வி வீடு வீடாக ஏறித் தவசிமுத்து வீடுவரை போய்த் திரும்பி வந்தது. எங்கும் வரவில்லை.

ஞானப்பூவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. "பாத்தியா, இந்த வருஷந்தான் நம்ம வீட்ட மட்டும் விட்டுட்டுப் போகல" என்று சொல்லி, ஒரு முந்திரிக்கொத்தைப் பிட்டு நாய்க்குப் பாதி போட்டாள்.