சத்தம் போடாத தறி

“டீச்சருங்க, என் தலையில இது எழுதலைங்க. நான் தறிக்கே போயிடறனுங்க.”

லேப்டாப்பை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார் அர்த்தனாரி.

சௌடேஸ்வரி டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உக்காருங்க அண்ணா.”

“உக்காந்து என்னங்க ஆகப்போகுது?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். வலது காதை டீச்சர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது காது எப்போதோ போய்விட்டது.

குரு என்றால் தாடி இருக்கணும், உட்கார ஆலமரம் இருக்கணும் என்று சட்டமா என்ன? பள்ளிபாளையத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிற நம்ம டீச்சருக்கு இருந்ததெல்லாம் ஒரு மின்விசிறியும் நாலு மேசையும்தான். வயசிலும் சீடனுக்குத்தான் மூப்பு. அவருக்கு மீசையெல்லாம் நரைத்தாகிவிட்டது. டீச்சர் அவரை அண்ணா என்பார், அவர் டீச்சரை டீச்சருங்க என்பார். அந்த மரியாதையில் இரண்டு பக்கமும் குறை இல்லை.

“என்ன ஆச்சு?” என்றார் டீச்சர்.

“என்ன ஆகும்? நின்னு போச்சுங்க. எப்பவும் போல.”

முதல் பாடத்திலேயே சிக்கிக்கொண்டிருந்தார் மனுஷன். வெப் ஆப் கட்டுவதற்கு ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. கட்டிலுக்குச் சட்டம் மாதிரி, ஆசாரி ஏற்கெனவே அடித்து வைத்திருப்பார், நாம் கயிறு பின்னினால் போதும். அந்தச் சட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓடவிட்டு, அதனுடைய முதல் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளெல்லாம் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு இரண்டாம் பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

அர்த்தனாரி வீட்டில் உட்கார்ந்து ஏற்றுவார். நின்றுவிடும். பிரித்துப் போட்டு மறுபடி ஏற்றுவார். மறுபடி நின்றுவிடும். மச்சானுடைய லேப்டாப்பை வாங்கி அதிலும் ஏற்றிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை பார்த்து லேப்டாப்புக்கு விபூதி பூசிக்கூடப் பார்த்தாயிற்று.

ஒவ்வொரு தடவையும் டீச்சரிடம் வந்து, “நின்னு போச்சுங்க” என்பார்.

டீச்சரும் ஒவ்வொரு தடவையும், “மறுபடி ஏத்துங்க” என்பார்.

அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஆனால் இன்றைக்கு அப்படிப் போக முடியாது. அர்த்தனாரி வாய்விட்டே சொன்னார்.

“ஈரோட்டு டாக்டர் சொல்லிட்டாருங்க. இன்னும் ஒரு வருசம் தறி சத்தத்துல நின்னா வலது காதும் போயிருமாம். அப்புறம் பேத்தி கூப்பிட்டாக்கூட எனக்குத் தெரியாதுங்க.”

டீச்சர் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

“நூல் குடோன் நல்லசிவம் மொதலாளி வேலை தர்றேங்கறாரு. எந்த நூல் எந்த மூலையில கெடக்குதுன்னு போன்லயே பாக்கணுமாம் அவருக்கு. ‘அதை நீயே கட்டிக் குடு, உன்னையே வெச்சுக்கறேன். ஆனா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மொதப் பக்கத்தையாவது தொறந்து காட்டு, இல்லைன்னா கோயமுத்தூர்ல ஆள் பாத்துக்கறேன்’னுட்டாரு. தறிப்பட்டறையில மேஸ்திரி, திங்கக்கெழமை வர்றயா இல்லையாங்கறாரு. நான் என்னங்க பண்ணட்டும்?”

ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசுகிற ஆள், அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“என் கண் முன்னாடி ஏத்துங்க,” என்றார் டீச்சர்.

“இங்கயா?”

“இங்கதான்.”

அர்த்தனாரி மஞ்சள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். திரையில் கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலைத் திறந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். இத்தனை தடவை ஏற்றியதில் அத்தனையும் மனப்பாடம். சட்டம் ஏறியது. புதுசாக ஒரு செயலியை உண்டாக்கினார். அதுவும் ஆயிற்று. கடைசியாக, அதை ஓடவிடுகிற கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினார்.

சரசரவென்று சில வரிகள் விழுந்தன.

அப்புறம் ஒன்றுமில்லை.

“பாத்தீங்களா!” என்று துள்ளினார் அர்த்தனாரி. “இப்படித்தாங்க. இந்த எடத்துல வந்து பொசுக்குன்னு நின்னுருது.”

சொல்லும்போதே அவர் கை இரண்டு கட்டைகள் மேல் போய்விட்டது. கன்ட்ரோல், சி. இத்தனை வருஷமாகத் தறி முன்னால் நின்ற கை அது. பட்டறையில் நாலு தறி அவர் பொறுப்பு. ஒன்றின் சத்தம் நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கத்தில்கூட அந்தக் கை கைப்பிடிக்குப் போய்விடும்.

“எதுக்கு அங்க கை போகுது?” என்றார் டீச்சர்.

“கடைசி வரியில அதைத்தானே அழுத்தச் சொல்லியிருக்குது? மேஸ்திரி கடைசியா என்ன சொன்னாரோ அதைச் செய்யறதுதானுங்களே வேலை.”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று அர்த்தனாரிக்குப் பிடிபடவில்லை.

“அண்ணா, கையை எடுங்க.”

எடுத்தார்.

“கீழ போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க.”

“டீயா? ஏனுங்க டீச்சர், என் பொழப்பே ஊசலாடுது, இப்பப் போயி...”

“சக்கரை கம்மியா.”

குரு சொன்னால் சொன்னதுதான். முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். மத்தியான வெயில். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்ப்புறம் மாரப்பன் டீக்கடை. இரண்டு டீயைத் தூக்குப்போணியில் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் தன் விதியை நொந்துகொண்டு திரும்பி வந்தார்.

திரை அப்படியே இருந்தது. ஒரு எழுத்துக்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

“இன்னும் நிக்குதுங்க,” என்றார் சலிப்பாக. “நான்தான் சொன்னனே.”

டீச்சர் டீயை ஊற்றி ஆற்றி, ஒரு டம்ளரை அவரிடம் நீட்டினார்.

“மாரப்பண்ணன் என்ன பண்ணிட்டிருந்தாரு?”

“அவரு என்ன பண்ணுவாரு? கன்னத்துல கையை வெச்சுட்டு ரோட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு.”

“கடை ஓடலையா?”

“ஓடாம என்னங்க? பாய்லர் கொதிக்குது, பால் காயுது. ஆள் போய்க் கேட்டா டீ.”

“ஆள் போகலைன்னா?”

“சும்மா உக்காந்திருப்பாரு.”

“அப்ப ஷட்டரை இழுத்து மூடிட்டு வர்றதுதானே?”

அர்த்தனாரி பெரிசாகச் சிரித்தார். “நல்லா சொன்னீங்க போங்க! அந்த மனுசன் யாராவது வருவாங்கன்னு பாத்துட்டு உக்காந்திருக்காரு, நான் போயி எதுக்குங்க அவரு கடையை...”

சிரிப்பு பாதியில் நின்றது.

தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். டம்ளர் கையிலேயே இருந்தது.

‘நிறுத்த வேண்டுமானால் கன்ட்ரோல் சி’ என்ற கடைசி வரியை விட்டுவிட்டு, அதற்கு மேல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். அதில் ஒரு முகவரி இருந்தது. ஒவ்வொரு நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

“டீச்சருங்க...”

டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அர்த்தனாரி டம்ளரைத் தரையில் வைத்தார். பிரவுசரைத் திறந்தார். அந்த முகவரியைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். எண்கள், புள்ளி, எண்கள். தப்பாகத் தட்டி அழித்தார், திரும்பத் தட்டினார். நெஞ்சு அடிக்கிற சத்தம் செத்துப்போன காதிலும் கேட்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

என்டர்.

முதலில் கறுப்பு ஜன்னலில் புதுசாக ஒரு வரி விழுந்தது. அத்தனை நேரம் வாயே திறக்காத ஜன்னல்.

அடுத்து, பக்கம் திறந்தது.

வெள்ளைவெளேரென்று, நடுவில் ஒரு படம். படத்துக்குக் கீழே, எல்லாம் சரியாக ஏறிவிட்டது, வாழ்த்துகள் என்று இங்கிலீஷில் ஒரு வரி.

“அட சாமீ!”

அந்தக் கத்தலுக்குக் கீழே ஜெராக்ஸ் கடையில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். மற்ற மேசைகளில் இருந்த பிள்ளைகள் எழுந்து ஓடி வந்தார்கள். “அண்ணனுக்குத் தொறந்துருச்சு!” என்று ஒருத்தி கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். அர்த்தனாரி பால்கனிக்கு ஓடி, எதிர்க்கடையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“மாரப்பா! ஓடுதுடா!”

எது ஓடுகிறது என்று மாரப்பனுக்கு என்ன தெரியும்? அவனும் கையை ஆட்டி வைத்தான்.

திரும்பி வந்தவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். கண் கலங்கியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“டீச்சருங்க, ஒண்ணு கேக்கறேன். இது எப்ப இருந்துங்க ஓடுது?”

“நீங்க மொதல் தடவை ஏத்தின அன்னைக்கே ஓடியிருக்கும்.”

“மொத நாளேவா?”

“ஒவ்வொரு நாளும்.”

அர்த்தனாரி நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். “அடக் கூறுகெட்ட அர்த்தனாரி! ஓடவிட்டவனும் நீ, பிடிச்சு நிறுத்தினவனும் நீ, அப்புறம் வந்து ஒப்பாரி வெச்சவனும் நீயாடா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சொன்னபடி சாயங்காலம் நல்லசிவம் வந்தார். குடோன் முதலாளி ஆவதற்கு முன்னால் அவரும் தறி ஓட்டினவர்தான். மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“நெசமா நீ பண்ணுனதா அர்த்தனாரி?”

“நானேதானுங்க. டீச்சரைக் கேட்டுப் பாருங்க.”

“ஒரு எழுத்துக்கூட நான் தொடலைங்க,” என்றார் டீச்சர்.

“அப்ப திங்கக்கெழமை குடோனுக்கு வந்துரு. கோயமுத்தூர்க்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்.”

அர்த்தனாரி அங்கேயே, அவர் முன்னாலேயே, தறிப்பட்டறைக்குப் போன் போட்டார். போனை வலது காதில் வைத்துக்கொண்டார்.

“மேஸ்திரி, திங்கக்கெழமை நான் வரலைங்க. ஆமாங்க. இனி எப்பவும் வரலைங்க!”

அந்த ‘எப்பவும்’ பால்கனி வழியாக ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

நல்லசிவம் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கறுப்பு ஜன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனப்பா அர்த்தனாரி, இது என்ன, ஒரு அசைவையும் காணோம்? நின்னு போச்சாட்ட இருக்குது. என்னமோ கன்ட்ரோல்னு போட்டிருக்குது, அழுத்திரட்டுமா?”

அவர் விரல் கட்டையை நோக்கி இறங்கியது.

அர்த்தனாரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மொதலாளி, கீழ போய் ஒரு டீ வாங்கிட்டு வாங்க.”