உட்காராமல் விற்ற நாற்காலிகள்

பொள்ளாச்சியில் சென்னியப்பனுடைய நாற்காலிக் கடையில் விற்பனைப் பெண்கள் கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை உட்காரக் கூடாது.

ஒருநாள் துளசிமணி சுவரில் சற்றே சாய்ந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"தேங்கிக் கிடக்கிற நாப்பது நாற்காலியும் இன்னைக்கே போயாகோணும். இல்லீனா நாளைக்கிருந்து ஊட்லயே சாஞ்சுக்க."

மதியம் ஒரு டாக்டரம்மா தன் ஆஸ்பத்திரிக்கு நாற்காலி பார்க்க வந்தார்.

"ரொம்ப நேரம் உட்கார்ந்தா முதுகு வலிக்குமா?"

"தெரியலீங்க. நாலு வருசமா விக்கறேன், ஒருநாளும் உட்கார்ந்ததில்லீங்க. முதலாளியக் கேளுங்க. காலையிலிருந்து அவருதான் உட்கார்ந்திருக்காரு."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். சென்னியப்பன் எழுந்துவிட்டார். "உட்காரு அம்மணி. உட்கார்ந்து பார்த்துச் சொல்லு."

துளசிமணி உட்கார்ந்து, வீங்கிய கால்களை மெல்ல நீட்டினாள்.

"எப்படியிருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"இப்பவே சொன்னாப் பொய்யாயிருமுங்க. உங்ககிட்ட வர்றவங்க எத்தனை நேரம் காத்திருப்பாங்க?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்ப ரெண்டு மணி நேரங் கழிச்சுச் சொல்றனுங்க."

"சரி" என்று டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார்.

நாற்பதையும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "அடுத்த வாரம் பத்துக் கட்டில் வேணும். அதையும் இந்தம்மாவே பார்த்துச் சொல்லட்டும்."