எதிர்க்கரையைப் பார்த்து நின்ற ஆள்காட்டி

நாவல்காட்டுக் குளத்தின் கிழக்குக் கரையில் யானைகள் இருந்தன. மேற்குக் கரையில் கழுதைகள் இருந்தன. குளம் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், கட்சி மட்டும் இரண்டு! முயல், மான், கீரி, மயில் என்று மற்ற எல்லாம் ஏதாவது ஒரு கரையில் ஒட்டிக்கொண்டன. நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் திட்டு விழும். யாருக்கு வேணும் அந்த வம்பு?

யானைக் கரைக்குக் காவல், மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி. ஆள்காட்டிக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: ஆபத்தைப் பார்த்ததும் தொண்டை கிழியக் கத்துவது. நரி வந்தாலும் கத்தும், பாம்பு வந்தாலும் கத்தும். ஆனால் இந்தக் குளத்தில் அந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கிழக்குக் காவல் மேற்கைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். மேற்குக் காவல் கிழக்கைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். சொந்தக் கரைக்கு முதுகுதான்! திரும்பிப் பார்த்தால் வேலை போச்சு.

காலையில் கூட்டம் கூடும்.

"மஞ்சக்காலி, இன்னைக்கு என்ன சேதி?" என்று பெரிய யானை ஒத்தைக்கொம்பன் கேட்கும்.

"கழுதைங்க கரை மேல புரண்டு புரண்டு பள்ளம் பறிச்சிருக்கு! நேத்தைவிட இன்னைக்கு ஆழம்! அந்தக் கரை தாங்காது, தாங்காது!"

"அடச்சீ! என்ன ஜென்மங்களோ!" என்று கூட்டம் காறித் துப்பும். அப்புறம் கலைந்து போகும். எல்லாருக்கும் வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி ஒரு திருப்தி.

மஞ்சக்காலி சொன்னது பொய்யில்லை. மண்ணில் புரளாவிட்டால் கழுதைக்கு உடம்பு அரிக்கும். கரை மேட்டில்தான் நல்ல காய்ந்த புழுதி. புரண்டு புரண்டே கரையைக் குழித்துவிட்டன.

எதிர்க்கரையிலும் இதே கூத்துதான். அங்கே காவல் மூக்குத்தி. அது வேறு யாருமில்லை, மஞ்சக்காலியின் சொந்த அக்கா. மேற்கில் ஜோடி சேர்ந்தது, மேற்குக் கட்சி ஆகிவிட்டது. அன்றோடு அக்கா தங்கச்சிப் பேச்சும் நின்றுவிட்டது.

"யானைங்க சறுக்கிச் சறுக்கி இறங்கிக் கரையை வகுந்திருச்சு! இன்னும் கொஞ்சம் இருந்தா வெட்டின மாதிரி உடைஞ்சிரும்!" என்று மூக்குத்தி கத்தும்.

கிழக்கில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "கழுதைக் கட்சிக் குருவி வேற என்ன சொல்லும்?" மஞ்சக்காலியும் சேர்ந்து சிரிக்கும். நல்லா இருந்த அக்காவுக்கு இப்படிப் புத்தி கெட்டுப்போச்சே என்று உள்ளுக்குள் வருத்தமும் படும்.

அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. குளம் ததும்பியது. கிழக்குக் கரைக்கு வெளியே, அடிவாரத்துச் சரளைக்கல் தரையில் மஞ்சக்காலி நாலு முட்டை இட்டிருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில்தான் இடும். இன்னும் கொஞ்ச நாளில் குஞ்சு பொரிக்கும் என்று அதற்கு ஒரே பூரிப்பு.

அடைகாக்கும்போது வயிற்றுக்கடியில் ஈரம் தட்டியது. மழை ஈரம் என்று விட்டுவிட்டது. மழை விட்டு வெயில் அடித்தது. கல் காயவில்லை. பனி ஈரமாக இருக்கும் என்று மறுபடியும் சமாதானம் சொல்லிக்கொண்டது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மூக்குத்தியின் குரல் வந்தது. இந்தத் தடவை வழக்கமான கத்தல் இல்லை. "அடியே மஞ்சக்காலி! உன் முட்டைக்கு நேர் மேலதான்டி அந்தச் சறுக்கு! திரும்பிப் பாருடி!"

"பாத்தீங்களா, சொந்தம் கொண்டாடி நம்ம ஆளை மடக்கப் பாக்குது!" என்றது கீரி. கூட்டம் சிரித்தது. மஞ்சக்காலியும் சிரிக்க வாயைத் திறந்தது. சிரிப்பு வரவில்லை.

'நான் கழுதைகளைப் பத்திச் சொல்றது அத்தனையும் நிஜம். அதைப் பொய்னுதான் அவங்க சிரிக்கிறாங்க. அப்போ அக்கா சொல்றதைக் கேட்டு நாம சிரிக்கிறது?' என்று நினைத்தது. சட்டமாவது மண்ணாவது! திரும்பிப் பார்த்துவிட்டது.

யானைகள் தண்ணீருக்கு இறங்குகிற சறுக்கு கரையைப் பாதிக்கு மேல் அறுத்திருந்தது. அதன் அடியில் செம்மண் கலங்கித் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஊறின தண்ணீர் நேராக முட்டைகளை நோக்கித்தான் போனது.

மஞ்சக்காலி ஒத்தைக்கொம்பனிடம் ஓடியது. "ஐயா, நம்ம சறுக்குல கரை உடையப்போகுது! ஆளுக்கு நாலு கல்லு, ஒரு வாய் மண்ணு போட்டா அடைச்சிரலாம்!"

"திரும்பிப் பாத்தியா?" என்று கேட்டது யானை. அதற்கு அதுதான் பெரிய விஷயம்!

"பாத்தேங்கய்யா. என் முட்டைங்க அங்க..."

"அது சறுக்கு இல்ல, பாதை. எங்க பாட்டன் பூட்டன் இறங்கின பாதை! கழுதை பறிச்சாத்தான் அது பள்ளம்."

"தண்ணிக்கு அது தெரியாதுங்களே!"

ஒத்தைக்கொம்பன் காதை விசிறியது. "இப்ப நாம மண்ணு போடப் போனா, கழுதை சொன்னது நிஜம்னு ஆயிரும். அதைவிடக் கேவலம் உண்டா? முதல்ல அவனுங்க பள்ளத்தை மூடட்டும். அப்புறம் பேசிக்கலாம். நீ வாயை மூடிக்கிட்டு மேற்கைப் பாரு."

வாயை மூட முடியுமா? பெத்த வயிறு ஆச்சே! மஞ்சக்காலி கல் மேல் ஏறி, முதல் தடவையாகச் சொந்தக் கரையைப் பார்த்துக் கத்தியது. "நம்ம கரை உடையப்போகுது! நம்ம சறுக்குதான்! வாங்க, வந்து அடைங்க!"

"துரோகி!" என்றது கீரி. "அக்காகிட்ட என்ன வாங்கித் தின்ன?" என்றது மயில். யாரோ சேற்றை வாரி அடித்தார்கள். ஒரு பிடி மண் எடுத்துப் போட ஒருவரும் நகரவில்லை.

எதிர்க்கரையிலோ திருவிழா! "கேட்டீங்களாடா! அவங்க குருவியே ஒத்துக்கிச்சு!" என்று கத்திய கழுதைத் தலைவன் நெடுங்காதனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம் தாங்காமல் தன் கூட்டத்தோடு கரை மேட்டிலேயே விழுந்து புரண்டது. எங்கே? அதே பள்ளத்தில்தான்!

தங்கச்சியைப் பார்த்து மூக்குத்தியும் தன் கரைப் பக்கம் திரும்பிவிட்டது. "புரளாதீங்க! நம்ம பள்ளத்தைப் பாருங்க!" என்று கத்தியது. அந்தக் கும்மாளத்தில் யார் காதில் விழும்?

கழுதைகள் சிரிப்பதைப் பார்த்து யானைகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. "எங்களைப் பாத்தா சிரிக்கிறீங்க?" என்று பிளிறிக்கொண்டு, மொத்தமாகச் சறுக்கு வழியாகத் தண்ணீருக்கு இறங்கின. அறுந்து நின்ற கரை அத்தனை கனத்தை எப்படித் தாங்கும்? பொலபொலவென்று உடைந்தது.

மஞ்சக்காலி பறந்து போய் முட்டைகளின் மேல் விழுந்தது. சிறகை விரித்துத் தண்ணீரை அடித்தது, அலகால் கொத்தியது, கதறியது. தண்ணீர் ஒரே தள்ளாகத் தள்ளியது. நாலு முட்டையும் போய்விட்டன.

"கிழக்கு உடைஞ்சது! ஜெயிச்சிட்டோம்!" என்று கழுதைகள் துள்ளிக் குதித்தன. குதித்த குதியில் அவற்றின் பள்ளமும் வாயைப் பிளந்தது. மேற்கிலும் தண்ணீர் பாய்ந்தது.

சாயங்காலத்துக்குள் குளம் வெறும் சேறு. நடுவில் ஒரு குட்டை மட்டும் மிச்சம். இரண்டு கட்சியும் தாகத்தோடு அதைத் தேடி இறங்கின. இப்போதாவது புத்தி வரும் என்றா நினைக்கிறீர்கள்?

"உங்க பள்ளத்துலதான் தண்ணி போச்சு!" என்றது ஒத்தைக்கொம்பன்.

"உங்க சறுக்குலதான் போச்சு!" என்றது நெடுங்காதன்.

ஒன்றை ஒன்று தள்ளின, மிதித்தன. மிதித்த மிதியில் அந்தக் குட்டையும் சேறாகிப் போனது. ஒருவருக்கும் ஒரு வாய் கிடைக்கவில்லை.

மஞ்சக்காலி அந்தப் பக்கமே போகவில்லை. முட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. மூக்குத்தி பறந்து வந்து ஒட்டி உட்கார்ந்தது.

"எத்தனை காலமாடி கத்திக்கிட்டு இருந்தேன்!" என்று அழுதது.

"கேட்டேன் அக்கா," என்றது மஞ்சக்காலி. "கேட்டுட்டுச் சிரிச்சேனே!"

நம் குறையைச் சொல்கிறவன் எதிரியே ஆனாலும் குறை குறைதான். அதை நாமே திரும்பிப் பார்த்து அடைக்காவிட்டால், ஜெயித்த கட்சிக்கும் குடிக்கத் தண்ணீர் இருக்காது.