அறவாழியின் மழைக்கட்டு

கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில் அந்த அறை இருந்தது. கீழே பப்ஸ் வேகும் வாசனை. மேலே நாலு மேசை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, சுவர் நிறைய சீட்டுப் பெட்டிகள்.

ரம்மிச் சீட்டு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தச் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கும். படத்துக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே அது என்ன செய்யும் என்ற விவரம். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, வேண்டாததைப் பிறரிடம் கொடுத்து வேண்டியதை வாங்கி, பொறுக்கிச் சேர்த்து ஆளாளுக்கு ஒரு கட்டு கட்டிக்கொள்வார்கள். அதற்கு அங்கே டெக் என்று பெயர். நாலு பேர் மேசையின் நாலு பக்கமும் உட்கார்ந்து, அவரவர் டெக்கை வைத்து மோதுவார்கள். கடைசிவரை களத்தில் நிற்பவர் ஜெயித்தவர்.

அறையை நடத்தியவர் பியூலா. முப்பது வயதுகூட ஆகாத பெண். நம் ஊரில் டீ ஆற்றுகிறவர் மாஸ்டர், துணி தைக்கிறவர் மாஸ்டர், பரோட்டா வீசுகிறவரும் மாஸ்டர். அந்தக் கணக்கில் பியூலாவும் மாஸ்டர்தான். அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் கிடைக்கும்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் அறவாழி. தலையில் பாதி நரை. மன்னார்குடிக்காரர். பம்பு செட் கம்பெனியில் சோதனைப் பிரிவு. மனைவிக்கு ஊரில் பள்ளிக்கூட வேலை என்பதால் மாற்றல் வந்தபோது தனியாகத்தான் வந்தார். சாயங்காலம் மனைவி போன் செய்வார். "அங்க மழை உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. ஊர்ப் பழக்கம், வெயில் கொளுத்தினாலும் அதைத்தான் கேட்பார். அப்புறம் நாலு வார்த்தை. போனை வைத்துவிட்டால் மறுநாள்வரை அந்த ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசை ஒன்றுதான் விதிவிலக்கு. அதுவும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு அறவாழி பியூலாவிடம் வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நான் உக்காந்தா ஏன் எல்லாரும் எழுந்திரிக்கிறாங்க?"

பியூலா கையை நீட்டினார். அறவாழி தன் டெக்கைக் கொடுத்தார். பியூலா ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிப் பார்த்தார். கடையில் இருப்பதிலேயே பலமான சீட்டுகள். ஒன்றுக்கொன்று உறவில்லை. ஒரு யானை, ஒரு பீரங்கி, ஒரு பேய், ஒரு கப்பல்.

"இது எதைப் பத்தின டெக்?"

"ஜெயிக்கிறதைப் பத்தி."

"ஜெயிக்குதா?"

"தோத்ததே இல்ல மாஸ்டர்."

பியூலா டெக்கைத் திருப்பிக் கொடுத்தார். "ஏதாவது ஒண்ணைப் பத்திக் கட்டிட்டு வாங்க."

அந்த அறையில் அப்படிக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். தேன்மொழியின் டெக் முழுக்க மீன். ஜாபருடையது முழுக்கத் திருடர்கள். தேன்மொழியின் தம்பி சஞ்சய் வெறும் எறும்புகளை வைத்துக்கொண்டு யாரையாவது அரித்துக்கொண்டிருப்பான். அறவாழிக்கு இவர்களைக் கண்டால் உள்ளூரச் சிரிப்பு. கையில் பலமான சீட்டு இருக்கும்போது எறும்பை எவனாவது எடுப்பானா?

ஆனாலும் மாஸ்டர் சொல்லிவிட்டார். என்னத்தைப் பற்றிக் கட்டுவது? யோசித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அங்க மழை உண்டா?" என்றார் மனைவி.

அறவாழி மழையைப் பிடித்துக்கொண்டார்.

வாரம் முழுக்க அதே வேலை. தூறல், இடி, மின்னல், ஆலங்கட்டி, கருமேகம் என்று தேடித் தேடிச் சேர்த்தார். கடைசியில் அகப்பட்டது 'விடாமழை'. லேசில் கிடைக்காத சீட்டு. அதை மேசையில் வைத்துவிட்டால், அது இருக்கும்வரை மற்றவர்கள் யாரும் கையிலிருந்து ஒரு சீட்டுகூட இறக்க முடியாது. வைத்தவர் மட்டும் ஆடலாம். அறவாழி அதை நீல உறைக்குள் போட்டு, குழந்தைக்குச் சட்டை மாட்டியவர்போல் தடவிப் பார்த்தார்.

ஞாயிறன்று பெருமையோடு போய் உட்கார்ந்தார். "மழை டெக்," என்றார்.

"அட, நல்லாருக்குங்களே!" என்றார் ஜாபர்.

கொஞ்ச நேரத்தில் விடாமழை இறங்கியது. தேன்மொழி கையில் மீன்களைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். ஜாபரின் திருடர்கள் திருடப் போகவில்லை. சஞ்சய் கொட்டாவி விட்டான். அறவாழி மட்டும் ஆடினார், ஆடினார், ஜெயித்தார்.

"இன்னொண்ணு போடலாமா?" என்றார்.

ஜாபருக்கு ஒரு போன் வந்துவிட்டது. மணி அடித்ததாக யாருக்கும் கேட்கவில்லை. தேன்மொழிக்குச் சிலிண்டர்காரர் ஞாபகம் வந்தது. அக்கா போனால் தம்பியும் போக வேண்டியதுதானே. மேசையில் அறவாழியும் மழையும் மட்டும் மிச்சம்.

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தை எடுத்துக்கொண்டு பியூலாவிடம் போனார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணைப் பத்திக் கட்டினேன் மாஸ்டர். அப்பவும் எழுந்து போயிட்டாங்க."

"வாங்க, என்கூட ஒரு ஆட்டம் போடுங்க," என்றார் பியூலா.

இருவரும் உட்கார்ந்தார்கள். அறவாழி விடாமழையை இறக்கினார். பியூலா தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே போனார். ஒரு தேங்காய் பன்னோடு திரும்பி வந்து ஜன்னல் ஓரமாக நின்று சாப்பிடத் தொடங்கினார்.

"மாஸ்டர், உங்க டர்ன்."

"மழை விட்டுருச்சுங்களா?"

"இல்லையே."

"அப்ப நீங்களே ஆடுங்க."

அறவாழி ஆடினார். "உங்க டர்ன் மாஸ்டர்."

"விட்டுருச்சா?"

"இல்ல."

"ஆடுங்க சார், ஆடுங்க."

பன் தீர்ந்தது. பியூலா கையைத் துடைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தார். அறவாழி தன் முறையை ஆடினார், பியூலாவின் முறையைக் கடந்தார், மறுபடி தன் முறையை ஆடினார். கடைசியில், "ஜெயிச்சிட்டேன்," என்றார். எதிர் நாற்காலியில் ஆளில்லை. அவருடைய வாடகை அறையில் போனை வைத்த பிறகு இருக்குமே, அதே அமைதி. அதை நாமே நம் கையால் செய்துவிட்டோம் என்று அவருக்கு முதல் தடவையாக உறைத்தது.

பியூலா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல மழை இப்படித்தான் பெய்யுங்களா?"

"ஐப்பசில அடைமழைன்னா இப்படித்தான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? எல்லாரும் வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடப்போம்."

"ம்."

பியூலா தான் கவிழ்த்து வைத்த சீட்டுகளை ஒன்றாக அடுக்கினார்.

"விட்ட பிறகு?" என்றார் பியூலா.

அந்த ஒரு கேள்விக்கு அறவாழி மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். வரப்பில் நண்டு ஏறும், வாய்க்காலில் கெண்டை துள்ளும், பையன்கள் பழைய வேட்டியை விரித்துக்கொண்டு இறங்கிவிடுவான்கள், ஊரே மண்வெட்டியோடு வயலுக்கு ஓடும் என்றார்.

"மண்வெட்டி எதுக்குங்க?"

"மடையைத் திறக்கத்தான். நம்ம வயல்ல தண்ணி நிறைஞ்சிட்டா மடையைத் திறந்து கீழ் வயலுக்கு விட்டுடணும். அவன் நிறைஞ்சதும் அதுக்கும் கீழே விடுவான். எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். கேட்டுட்டு நிக்கிற பேச்சே இல்ல."

"விடலேன்னா? நம்ம தண்ணி, நம்ம வயலு."

"அதெப்படி மாஸ்டர்? தேங்கி நின்னா நம்ம பயிருதான் முதல்ல அழுகிப்போகும்..."

அறவாழி நிறுத்திக்கொண்டார். மேசையில் கிடந்த நீல உறைச் சீட்டைப் பார்த்தார். மாஸ்டர் அதைப் பார்க்கவேயில்லை.

"வாசல்கிட்ட ஒரு அட்டைப்பெட்டி இருக்கு," என்றார் பியூலா. "யாருக்கும் வேண்டாத சீட்டெல்லாம் அதுல கிடக்கும். பொழுது இருந்தா தேடிப் பாருங்க."

பொழுதுக்கு என்ன பஞ்சம்? அறவாழி பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பியூலா விளக்கணைக்க வந்தபோதுதான் எழுந்தார். அவர் கையில் ஒரே மாதிரியான சில சீட்டுகள் இருந்தன. முனை மழுங்கிய, பழைய சீட்டுகள். படத்தில் ஒரு வரப்பு, அதில் ஒரு திறப்பு. பெயர் 'மடை'. கீழே ஒரே வரி: மேசையில் உள்ள எல்லோரும் தம் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம்.

எதிராளிக்கும் சீட்டு கொடுக்கும் சீட்டை எந்தப் பைத்தியக்காரன் வைத்துக்கொள்வான்? போன மாதமாக இருந்தால் அறவாழியே இப்படிக் கேட்டிருப்பார்.

அடுத்த ஞாயிறு மேசையருகே தயங்கி நின்றார். அவரைப் பார்த்ததும் ஜாபரின் கை தானாகப் போனைத் தேடியது.

"ஒரே ஒரு ஆட்டம்," என்றார் அறவாழி. "பிடிக்கலைன்னா நானே எழுந்திரிச்சுக்கிறேன்."

தேன்மொழிக்குப் பாவமாக இருந்தது. நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

தூறல் விழுந்தது. கருமேகம் கூடியது. எல்லோரும் விடாமழைக்குக் காத்திருந்தார்கள், அம்மை ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளைகளாக. அறவாழி மடையைத் திறந்தார்.

"எல்லாரும் ஒண்ணு எடுத்துக்குங்க."

"நாங்களுமா?" என்றான் சஞ்சய்.

"வயலுக்கு வயல் தண்ணி போகுது. எடுப்பா."

தேன்மொழியின் கைக்கு வந்தது ஒரு பெரிய வாளை மீன். அந்தச் சீட்டு மேசையில் எங்காவது மழை இருந்தால்தான் இறங்கும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. "ஐயோ, சார்!" என்று கத்திக்கொண்டே இறக்கினார். ஜாபருக்கு ஒரு ஓட்டைப் படகு வந்தது. திருடர்கள் அதில் ஏறிக்கொண்டு மீன் திருடப் போனார்கள். சஞ்சயின் எறும்புகள் வெள்ளத்துக்குப் பயந்து ஜாபரின் படகிலேயே ஏறிவிட்டன. பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். டீ வந்து ஆறி, மறுபடி வந்தது.

முதலில் வீழ்ந்தவர் அறவாழி. அந்த வாளைதான் அவரை விழுங்கியது. வாழ்க்கையில் முதல் தோல்வி. எழுந்து போகலாம். போகவில்லை. யார் ஜெயிப்பார் என்று பார்க்காமல் எப்படிப் போவது? ஜாபரின் காதில் யோசனை சொல்லி, தேன்மொழியிடம் திட்டு வாங்கி, கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூரில் அவர் வயிறு வலிக்கச் சிரித்த முதல் நாள் அதுதான்.

எல்லோரும் போன பிறகு பியூலாவிடம் வந்தார். பழைய புத்தி லேசில் போகுமா?

"மாஸ்டர், நல்லாத்தான் இருந்தது. ஆனா ஒரு சந்தேகம். இந்த டெக் என்னைக்காவது ஜெயிக்குமா?"

பியூலா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறு லேட்டா வாங்க."

"லேட்டாவா? எதுக்கு?"

"கேட்டதுக்குப் பதில் வேணும்ல? லேட்டா வாங்க."

அறவாழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரந்தவறாத மனிதர் அவர். அந்த ஞாயிறு சீக்கிரமே கிளம்பிவிட்டு, பேக்கரி வாசலில் நின்று, வேண்டாத டீயைக் குடித்து, வேண்டாத செய்தித்தாளைப் படித்துப் பொழுதைத் தள்ளினார். எப்போதும் ஆரம்பிக்கும் நேரம் தாண்டியது. நம்மை விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள், நம் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. மாஸ்டர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா என்றுகூடத் தோன்றியது. மாடிப்படி ஏறினார். பாதிப்படியில் குரல் கேட்டது, நின்றுவிட்டார்.

"மாஸ்டர், அறவாழி சார் வரலீங்களா?" ஜாபரின் குரல்.

"வருவார். அதுவரைக்கும் நீங்க மூணு பேரும் ஒரு ஆட்டம் போடுங்களேன்."

"அவர் இல்லாமயா? அதுல என்னங்க இருக்கு?" என்றான் சஞ்சய்.

"வேண்டாங்க, அவர் வரட்டும்," என்றார் தேன்மொழி. "என் மீனெல்லாம் காஞ்சு கிடக்குதுங்க. ஏண்டா, அந்த நாற்காலில பையை வைக்காதே. அது சாரோடது."

படியில் நின்ற அறவாழி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் மேலே போனார்.

"வாங்க வாங்க, ஏனுங் சார் இவ்வளவு நேரம்!" என்று மூவரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள்.

பியூலா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னமோ கேட்டீங்களே சார் போன வாரம். அந்த டெக் ஜெயிக்குமான்னுதானே?"

அறவாழி தன் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.